இடையிசையின்போது கைதட்டும் அன்பர்களுக்கு

மெல்லிசைக் கச்சேரிகளுக்கு வரும் சக ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தியாகராய நகரில் ஓர் அரங்கத்தில், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனுக்கு இசையஞ்சலி என்று ஒரு கச்சேரி நடந்தது. உங்களில் முந்நூறு பேராவது வந்திருந்தீர்கள். நானும் வந்திருந்தேன். கே வரிசை, 14ஆம் இருக்கை. அடிக்கடி பின்னால் திரும்பி முறைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரை உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த முறைப்புக்கு விளக்கம் எழுதத்தான் இந்த மடல்.

அன்று எட்டாவதோ ஒன்பதாவதோ பாட்டு. அறுபதுகளின் ஜோடிப் பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் இந்த மடலைக் கீழே வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். மேடையின் இடது ஓரத்தில் அக்கார்டியனோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாரே, கவனித்தீர்களா? வயது எழுபதைத் தாண்டியிருக்கும். அந்த வாத்தியம் 10 கிலோவுக்குக் குறையாது. மாலை முழுவதும் அதை மடியில் சுமந்துகொண்டு, மற்றப் பாட்டுகளில் ஓரிரு இடங்களில் மட்டும் துருத்தியை விரித்து மூடிவிட்டு, இந்த ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தார். பாட்டு தொடங்குமுன் தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாடகர் பல்லவியை முடித்தார். பெரியவரின் இடம் வந்தது.

அரங்கம் கைதட்டியது.

பாடகருக்காகத்தான். நன்றாகப் பாடினார், மறுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து இரண்டு விசில். எனக்கு நேர் முன்னால் இருந்தவர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பஹ்ரைனில் இருக்கும் மைத்துனருக்கு மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், கேட்கிறதா? நன்றாகக் கேட்கிறதா?" மச்சானுக்குக் கேட்டதோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. பெரியவரின் விரல்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது. ஊமைப்படம் போல. கைதட்டல் ஓய்ந்தபோது அவர் துருத்தியை மூடிக்கொண்டிருந்தார். சரணம் தொடங்கிவிட்டது.

அந்த இடையிசை 20 விநாடி இருக்கும், மிஞ்சினால் 25. அதற்காகவா ஒரு மடல் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன். இரவில், 1979 முதல் 1996 வரை, திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ், டும்பா என்ற கையால் தட்டும் தாள வாத்தியங்களை வாசித்தவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, லயன்ஸ் சங்கத்துக் கூட்டம் என்று எல்லா மேடையிலும் ஏறியிருக்கிறேன். எங்கள் குழு சொந்தமாக ஒரு பாட்டுக்கூட இசையமைத்ததில்லை. இன்னொருவர் செய்ததை அப்படியே திருப்பி வாசிப்பதுதான் தொழில். 'காப்பி அடிக்கிற கோஷ்டி' என்று என் மாமனார் சொல்வார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தக் காப்பி அடிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டின் வரிகள் பாட்டுப் புத்தகத்தில் கிடைக்கும். மெட்டு எல்லோர் வாயிலும் இருக்கும். இடையில் வருகிற வயலின், புல்லாங்குழல், கிட்டார் பகுதிகள், 'பிட்' என்று நாங்கள் சொல்வோம், அவை எங்கேயும் எழுதிக் கிடைக்காது. ஒலிப்பதிவின்போது எழுதிய தாள்கள் எங்களைப் போன்ற வெளியூர்க் குழுக்களின் கைக்கு வந்ததே இல்லை. காதால் கேட்டு எழுதவேண்டும். இசைத்தட்டில் முள்ளை நான்கு சுற்று பின்னால் தூக்கி வைப்பது, கேட்பது, மறுபடி தூக்கி வைப்பது. கேசட் வந்தபிறகு வேலை எளிதாகும் என்று நினைத்தோம். டேப் இழுபட்டு, ஓட்டும் கருவிக்குக் கருவி வேகம் மாறி, ஒரே பாட்டின் சுருதி ஒருவர் வீட்டில் இரண்டு கட்டையிலும் இன்னொருவர் வீட்டில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்திலும் நிற்கும். அதில் ஆர்மோனியத்தை எங்கே வைத்துப் பிடிப்பது?

எங்கள் வயலின்காரர் பகலில் பள்ளிக்கூட எழுத்தர். ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையில் ஏழே விநாடி வருகிற ஓர் ஓட்டத்துக்காக ஒன்பது நாள் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அசலில் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசித்திருக்கும். இவர் ஒற்றை ஆள். எந்தச் சுரத்தைப் பிடித்தால் மற்றவை இருப்பதாகக் கேட்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். பத்தாம் நாள் உறையூரில் ஒரு கல்யாணத்தில் வாசித்தார். அந்த ஏழு விநாடியும் கைதட்டலில் போயிற்று. வேனில் திரும்பும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது, "அவர்கள் சந்தோஷப்பட்டால் சரி" என்றார். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நம் கைதட்டலின் நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாட்டின் முகப்பிசை தொடங்குகிறது. இரண்டு மூன்று விநாடியில் இது இன்ன பாட்டு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே தட்டுகிறோம். யாருக்கு அந்தக் கைதட்டல்? பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை. வாசிப்பவர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார். கண்டுபிடித்துவிட்ட நமக்குத்தான். சரி, அது ஒரு குழந்தைத்தனமான மகிழ்ச்சி, இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்தது பல்லவியின் முடிவு. பாடகர் நிறுத்துகிறார், நாம் தட்டுகிறோம், அது முழுக்க முதல் இடையிசையின் மேல் விழுகிறது. முதல் சரணம் முடிகிறது, தட்டுகிறோம், அது இரண்டாவது இடையிசையின் மேல் விழுகிறது. கடைசியில் பாட்டு முடிகிறது. அப்போது தட்டலாம், தட்டவேண்டும். அந்த நேரம் பார்த்துப் பாதிப் பேர் பக்கத்து இருக்கையிடம், "இது எந்தப் படம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்பவருக்கு மட்டும் நட்டம் என்று நினைக்காதீர்கள். மேடையில் இருப்பவர்கள் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுத்தான் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, பிடிக்கிறார்கள். பெருங்கைதட்டல் எழுந்தால் எனக்குப் பக்கத்தில் இருக்கும் பேஸ் கிட்டார்கூடக் கேட்காது. கைதட்டலுக்கென்று ஒரு வேகம் உண்டு. அது எப்போதும் பாட்டைவிடக் கொஞ்சம் அவசரமாகவே ஓடும். தாளக்காரனை அது இழுக்கும். எத்தனையோ இரவு நான் கண்ணை இசைக்குழுவை நடத்துகிறவரின் கையில் ஒட்டவைத்துக்கொண்டு, காதை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் அஞ்சலிக்கு உரியவரைப் பற்றியே ஒன்று சொல்லவேண்டும். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். டி.கே. ராமமூர்த்தி அதே குழுவில் வயலின் வாசித்தவர். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, முடியாமல் நின்ற வேலைகளை முடித்துக்கொடுத்தவர்கள் இந்த இரண்டு வாத்தியக்காரர்கள்தாம். அங்கிருந்து தொடங்கி 1965 வரை இருவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். இளையராஜா ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். ஏ.ஆர். ரகுமான் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். நாம் பொன்னாடை போர்த்தி, படத்துக்கு மாலை போட்டு, அஞ்சலி என்று அழைப்பிதழ் அச்சடிக்கிற இத்தனை பேரும் ஒருகாலத்தில் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து, பெயர் தெரியாமல் 'பிட்' வாசித்தவர்கள். அன்று தியாகராய நகரில் நாம் கைதட்டி மூழ்கடித்தது எதை என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய இசைத்தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் படத்தின் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் முகத்தையாவது பார்த்தோமா என்றால், 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்காக ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டினார்கள். டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன்னால் நிற்க, விசுவநாதன் கையை வீசி நடத்த, சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அந்தக் காட்சியை இன்றைக்கும் நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். நாகேஷின் ஆட்டம் அபாரம்தான். என் கண் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போகாது.

சரி, கூடவே பாடுவது. இதில் நான் அவ்வளவு கறாரானவன் இல்லை. அன்று என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். எல்லாப் பாட்டுக்கும் உதடு அசைந்தது. ஒரு பாட்டில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி உதடு அசைந்தது. சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்படிப் பாடுகிறவர்கள் வந்தால்தான் அது அஞ்சலி. பாடகரே ஒலிவாங்கியை நம் பக்கம் நீட்டினால் தாராளமாகத் தொண்டையைத் திறக்கலாம். பின்வரிசையில் ஒருவர் இருந்தார், பாடகரைவிட அரை அட்சரம் முன்னால், தனக்கென்று ஒரு சுருதி வைத்துக்கொண்டு, சரணம் முழுவதையும் பாடினார். நான்கு முறை திரும்பிப் பார்த்தேன். நான்கு முறையும் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிப் புன்னகைத்தார். 'எப்படி?' என்று கேட்பதுபோல. அதற்குமேல் என்ன செய்ய?

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "அவர் பாடினதுகூட எனக்குத் தொந்தரவாக இல்லை. நீங்கள் திரும்பித் திரும்பி நாற்காலி கிரீச்சிட்டதுதான் கேட்டது."

செல்போன் விஷயத்தில் உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. 2013 ஏப்ரல் 14இல் பி.பி. ஸ்ரீநிவாஸ் போனார். மூன்றே நாளில், 17ஆம் தேதி ராமமூர்த்தி. மே 25இல் சௌந்தரராஜன். ஆறு வாரத்துக்குள் மூன்று பேர். அந்த ஆண்டு நடந்த அஞ்சலிக் கச்சேரிகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். மகன் புதிதாக வாங்கிக்கொடுத்த செல்போன் கையில் இருந்தது. ஒரு பாட்டுக்குப் புல்லாங்குழல் வாசித்த பையன் என்னை உலுக்கிவிட்டான். முழுவதையும் பதிவு செய்தேன், கையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் இருந்தவர்களுக்கு மேடை தெரிந்ததா என்ற நினைப்பே இல்லாமல். மறுநாள் வீட்டில் போட்டுக் கேட்டால், புல்லாங்குழல் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகக் கேட்கிறது. அதன் மேல் அகலமாக, கரகரவென்று, சுருதி கொஞ்சம் இறங்கி, ஒரு மனிதன் முனகிக்கொண்டிருக்கிறான். யார் இந்த அசடு என்று எரிச்சல் வந்தது. அது நான்தான். செல்போனுக்கு மிக அருகில் இருந்த வாய் என்னுடையதுதானே. பேரனிடம் அதைப் போட்டுக் காட்டினேன். இன்றுவரை என்னைக் கேலி செய்ய அதை வைத்திருக்கிறான். மேடையில் நிற்கும் பாடகியின் கண்ணுக்கு நேராக அந்தச் சின்ன விளக்கை எரியவிட்டுப் படம் எடுக்கிறீர்களே, அதை மட்டுமாவது அணைத்துவிடுங்கள். வரிகளைத் தாளில் பார்த்துப் பாடுகிறவருக்குக் கண் கூசினால் சரணம் மாறிவிடும். மாறினால் அதற்கும் நாம்தான் முதலில் சிரிப்போம்.

துண்டுச்சீட்டு. இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். திருவிழா மேடைகளில் சீட்டோடு பத்து ரூபாய் நோட்டைக் குத்தி அனுப்புவார்கள். நோட்டுக்கு உரியவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே பாட்டை ஐந்து முறை பாடவைத்த இரவு உண்டு. அது வேறு உலகம். அங்கே நாங்கள் கூலிக்கு வாசித்தோம், கேட்டதைக் கொடுத்தோம். டிக்கெட் வைத்து, ஒருவருக்கு அஞ்சலி என்று அறிவித்து நடக்கும் கச்சேரி அப்படி இல்லை. ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்து 24 பாட்டு தேர்ந்து வைத்திருக்கிறார்கள். விசுவநாதன் கச்சேரியில், "ராஜா பாட்டு ஒன்று" என்று சீட்டு அனுப்பினால் தொகுப்பாளர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அன்று ஒருவர் மூன்று சீட்டு அனுப்பினார். மூன்றாவதில் 'இது மூன்றாவது முறை' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்ததைத் தொகுப்பாளர் வாசித்துக் காட்டினார். அரங்கம் சிரித்தது; அனுப்பியவரும் எழுந்து கும்பிட்டார்.

'ஒன்ஸ்மோர்' கேட்பது நாடக மேடைக் காலத்திலிருந்து வரும் வழக்கம்; அதை நான் விரோதிக்கவில்லை. வாசித்த காலத்தில் அந்தக் கூக்குரலைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். ஆனாலும் ஒரு கணக்கு உண்டு. அரங்கத்தை இன்ன மணிக்குள் ஒப்படைக்கவேண்டும் என்று இருக்கும். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. நீங்கள் ஒரு பாட்டை இரண்டாம் முறை வாங்கினால் பட்டியலின் அடியில் இருக்கும் ஒரு பாட்டு விழுந்துவிடும். பெரும்பாலும் யாரும் கேட்டிராத, குழுவினர் ஆசையாய்ச் சேர்த்த பாட்டாகத்தான் அது இருக்கும்.

இன்னொன்று இடைவேளையில் நடந்தது. அன்று பாடிய பெண் பகலில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். வேலை முடிந்து, மின்சார ரயிலில் வந்து ஒத்திகைக்கு நிற்கிறவர். வெளியே தண்ணீர் குடிக்க வந்தவரை ஒரு பெரிய மனிதர் நிறுத்தி, "நன்றாகப் பாடினாய் அம்மா. ஆனால் சுசீலா பாடினதுபோல வராது" என்றார். பாராட்டுகிறோம் என்றே நினைத்தார். அந்தப் பெண்ணும், "ஆமாம் சார், எப்படி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுசீலா பாடினது வேண்டுமென்றால் அது வீட்டிலேயே இருக்கிறது, எந்த நேரமும் கிடைக்கும், பஸ் ஏறி வரவேண்டியதில்லை. எதிரே ஒருவர் மூச்சுப் பிடித்துப் பாடுவதைப் பார்க்கத்தானே வருகிறோம்? அசலில் இல்லாத ஒரு சின்னச் சங்கதியை, மெட்டில் ஒரு சிறு வளைவை, அந்தப் பெண் இரண்டாவது சரணத்தில் போட்டபோது, "அது அப்படி இல்லை" என்று ஒரு குரல் எழுந்தது. பெருமையாகச் சொல்லவில்லை, இதே தவறை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். என் குரல் வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. சங்கதி நன்றாகத்தான் இருந்தது.

ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சில சொற்கள். ஆறு மணி என்று போட்டுவிட்டு ஆறே முக்காலுக்குத் தொடங்காதீர்கள். பொன்னாடைகளைக் கச்சேரிக்கு நடுவில் போர்த்தாதீர்கள். வாத்தியங்கள் சுருதி இறங்கிவிடுகின்றன. அழைப்பிதழில் தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் என்று 11 பெயர் இருக்கிறது. மேடையில் வாசிப்பவர்கள் 14 பேர். ஒரு பெயரும் இல்லை. அடியில் அரை அங்குல இடம் போதும்.

இந்த நாட்டில் ஒரு கூட்டம் இடையிசையை மௌனமாகக் கேட்கவே கேட்காது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1986, முசிறிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், மாரியம்மன் திருவிழா. ஆயிரம் பேருக்குக் குறையாது. இரவு பதினொன்றரை. ஒரு பாட்டின் பல்லவி பாதியில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர்காரர் எங்கே என்று தேடினால் அவர் ராட்டினத்துப் பக்கம் போயிருக்கிறார். விளக்கில்லை, ஒலிபெருக்கியில்லை. எங்கள் பாடகர் நிறுத்தாமல் வெறுந்தொண்டையில் பாடினார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பல்லவியை எடுத்துக்கொண்டார்கள். அது பின்னால் பரவி, கடைசி வரிசை பாடும்போது முன்வரிசை முடித்திருந்தது. நான் கை நோகப் பாங்கோஸைத் தட்டினேன். பல்லவி முடிந்தது. வயலின்காரர் வில்லைத் தூக்கினார். ஒலிவாங்கி இல்லாத ஒற்றை வயலின், திறந்தவெளியில்.

ஒருவரும் தட்டவில்லை. தட்டினால் கேட்காது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு குழந்தையை 'உஷ்' என்று அடக்கினார்கள். எங்கோ கட்டியிருந்த மாட்டின் கழுத்துமணி கேட்டது. வயலின் கேட்டது. எட்டோ பத்தோ விநாடி, அவ்வளவுதான். அவர் முடித்ததும் இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி, "நல்லா இரு சாமி" என்றாள். அதற்குப் பிறகுதான் கூட்டம் தட்டியது.

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. ஒலிபெருக்கி கீச்சென்று கத்தி உயிர் பெற்றது. அடுத்த பாட்டின் இடையிசை வழக்கம்போல விசிலில் போயிற்று. நான் ஒன்றும் கற்பனைக் கிராமத்தைப் பற்றி எழுதவில்லை.

தியாகராய நகர்க் கச்சேரி முடிந்தபின் மேடைக்குப் பின்னால் போனேன். அந்தப் பெரியவர் அக்கார்டியனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "ஐயா, நானும் பழைய வாத்தியக்காரன்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். முதல் கேள்வியே இதுதான்: "முதல் பிட்டில் இறங்கி வருகிற இடத்தில் ஒரு சுரம் விட்டுப்போயிற்று. கவனித்தீர்களா?"

கவனித்தேன் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? "கைதட்டலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை ஐயா" என்றேன்.

"அப்படியா, நல்லதாகப் போயிற்று" என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் பெட்டியின் மூடியில் கை வைத்தார். கையை எடுத்தார். வாத்தியத்தை மறுபடி தூக்கி மடியில் வைத்து, பட்டையை மாட்டாமலே, அந்த 20 விநாடியை வாசித்தார். நான், என் மனைவி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், கேட்டது மூன்று பேர். இறங்கி வருகிற இடத்தில் இந்தமுறை சுரம் விழுந்தது. "இதுதான்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.

அடுத்த மாதம் கடைசி சனிக்கிழமை அதே குழு, அதே அரங்கம். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருக்கிறது. ஆறரைக்கு வந்தால் போதும். அந்தப் பாட்டு பட்டியலில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவர் இந்தமுறையும் இடது ஓரத்தில்தான் உட்காருவார்.

இப்படிக்கு,
கே வரிசை 14ஆம் இருக்கைக்காரன்